சும்மா வந்த காற்று

செவ்வாய்க் கிரகத்துக்கு மனிதர் அனுப்பிய ஆறு சக்கர வண்டிக்கு வெயில்தான் சாப்பாடு. முதுகில் விரித்த தகட்டால் வெயிலைத் தின்று, அந்தத் தெம்பில்தான் இரும்பையே விறைக்க வைக்கும் குளிரைத் தாங்கும். புழுதிப்புயல் ஒன்று வந்து தகட்டை மூடிவிட்டுப் போனதிலிருந்து வண்டி அரைப்பட்டினி.

ஒருநாள் குட்டிச் சுழல்காற்று ஒன்று வந்து நின்றது. "அண்ணே, முதுகெல்லாம் மண்ணா இருக்கே. ஊதிவிடட்டுமா?"

வண்டிக்குச் சுருக்கென்றது. மண்ணைக் கொட்டியது இவன் சொந்தக்காரன்தானே? கொட்டின வீட்டிலிருந்தே கூட்ட ஆள் வந்தால், சும்மாவா வருவான்?

"பதிலுக்கு உனக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம்ணே. இந்தப் பக்கமாத்தான் போறேன்."

ஒன்றும் வேண்டாமாம்! அதைக் கேட்டதும்தான் வண்டிக்குச் சந்தேகம் உறுதியாயிற்று. மிச்சமிருந்த தெம்பைத் திரட்டி உருண்டு போய், பெரிய பாறை ஒன்றின் பின்னால் பதுங்கிக்கொண்டது.

காற்றும் வற்புறுத்தவில்லை. போகிற போக்கில் அந்தப் பாறையின் முகத்தை ஊதித் துடைத்துவிட்டுப் போயிற்று. பாறை புதுசு போல மின்னியது.

வண்டியின் பேட்டரி அடங்கிக்கொண்டிருந்தது. கடைசிச் சொட்டுத் தெம்பில் அது பாறையிடம் கிசுகிசுத்தது: "அவனுக்கு உன்கிட்ட என்னமோ காரியம் ஆகணும். உஷாரா இரு!"