எட்டாவது ரீல்

முத்துலட்சுமி வெந்நீர் அடுப்புக்குள் பிலிமைப் பிடி பிடியாகத் திணித்தாள்.

மாங்காய்க் குடோனுக்குள் ஏழாவது ரீல் ஓடிக்கொண்டிருந்தது. அது முடியப் பத்து நிமிடம்கூட இல்லை. அதற்குள் எட்டாவது சாம்பலாகிவிட வேண்டும்.

பிலிம் பற்றவில்லை. சுருண்டு, உருகி, நாறியது. வேப்பந்தழையை அள்ளி மேலே போட்டாள். கொசுவுக்குப் புகை போடுவதாக நினைத்துக்கொள்ளட்டும்.

தோட்டத்து முதலாளி சீனிச்சாமிக்குப் பழைய பக்திப் படங்கள் என்றால் உயிர். யாரும் கேள்விப்படாத படங்களாகத் தேடிப் பிடிப்பார். இது அதில் ஒன்று. உலகத்திலேயே ஒரே பிரதி என்பார். வருடத்துக்கு ஒருமுறை, இதே தேதியில், பெரியகுளம் ஊரையே கூட்டி இதைப் போட்டுக் காட்டுவார்.

கடைசி ரீலில் கொலைகாரன், செத்தவனுடைய தாயின் காலில் விழுவான். அவள் அவன் தலையில் கை வைப்பாள். கோயில் விளக்குகள் தாமாக எரியும். கூட்டம் மூக்கை உறிஞ்சும்.

அன்று மட்டும், சமையல்காரி முத்துலட்சுமிக்கு முதல் வரிசையில் நாற்காலி.

சீனிச்சாமி வெளியே ஓடி வந்தார்.

"ஏத்தா, கடைசி ரீலப் பாத்தியா? பெட்டி காலியாக் கெடக்கு!"

"நான் எங்கய்யா கண்டேன்? அது இல்லாமலே முடிச்சா என்னவாம்?"

"கூறுகெட்டவளே! அந்தத் தாய் மன்னிக்கலேன்னா, பாக்குறவன் எப்படி நிம்மதியா வீட்டுக்குப் போவான்?"

அவர் திரும்பி ஓடினார். முத்துலட்சுமி மூச்சு விட்டாள். இந்த வருடம் தப்பித்தாயிற்று.

ஏழாவது ரீல் முடிந்தது. திரை வெள்ளையானது. கூட்டம் முணுமுணுத்தது. சீனிச்சாமி மைக்கைப் பிடித்தார்.

"ரீலு இல்லாட்டி என்ன? ஆத்தாதான் இங்கனயே இருக்காகளே!"

இரண்டு பெண்கள் அவளைத் தேடி வந்து, தோளைப் பிடித்துத் திரைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அவள் விரல்களில் உருகிய பிலிம் ஒட்டியிருந்தது.

சீனிச்சாமி அவள் காலில் விழுந்தார்.

இருட்டில் செல்போன் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன.

"கைய வையி ஆத்தா," காலடியிலிருந்து கிசுகிசுத்தார். "படம் புடிக்கிறாகள்ல."

கை எழவில்லை.

ஐந்து வருடத்துக்கு முன்னால், இதே தேதியில், குச்சனூர் சாலையில் அவள் மகன் அழகர் மீது ஜீப்பை ஏற்றிவிட்டு நிறுத்தாமல் போனவர், அவள் கைக்கு எட்டும்படி தலையைக் கொஞ்சம் உயர்த்திக் கொடுத்தார்.