வேரடிக் கூப்பாடு

என் கடைவாய்ப் பல்லைச் சுற்றிக் கலவரம் நடப்பதாகப் பல் டாக்டர் ஹெப்சிபா சொன்னார். "வேரைப் பிடிச்சிட்டிருக்கிற செல்லுங்க காவலாளி மாதிரி சார். கிருமியப் பாத்ததும் கூப்பாடு போட்டுப் படைய வரவழைக்குதுங்க. வந்த படை திரும்பிப் போகாம எலும்பையும் சேத்துக் கரைக்குது. சுத்தம் பண்ணிட்டேன். ஒரு வாரம் நாக்கால ஆட்டாதீங்க. இறுகினா பல்லு உங்களுக்கு, இல்லேன்னா எனக்கு."

அந்தப் பக்கம் எனக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரே பல்தான். முறுக்குக்கும் அதுதான், சம்பந்தி போன் செய்தால் கடித்துக்கொள்வதற்கும் அதுதான். எனவே நாக்கை மறுகன்னத்தில் ஒதுக்கிவைத்தேன். அது சங்கிலி போட்ட யானையாக அசைந்ததில் என் தலையே ஆடியது. வேரடிக் கூப்பாடு தெருமுனை வரை கேட்டது. பால்காரர்கூட வண்டியை நிறுத்திவிட்டு என் தாடையைத்தான் பார்த்தார்.

வாரத்தின் கடைசி நாளும் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

"அதையே நெனச்சிட்டிருக்காம உக்காருங்களேன்," என்றாள் என் மனைவி விசாலம்.

"நெனைக்கல. காவல் காக்கறேன்."

"காவல் காத்தவங்கதான வீட்டையே இடிக்கிறாங்கன்னு டாக்டரம்மா சொன்னாங்க?"

உட்கார்ந்தேன். கூப்பாடு சட்டென்று நின்றுவிட்டது. படை கலைந்துபோனதா, காப்பதற்கு அங்கே ஒன்றுமே மிஞ்சவில்லையா, தெரியவில்லை. கூச்சலைப் பொறுத்துக்கொண்ட என்னால் அந்த அமைதியைப் பொறுக்க முடியவில்லை. உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று ஒரே ஒரு தடவை கதவைத் தட்டிப் பார்க்க, நாக்கு மெல்லக் கிளம்பியது.