உக்கடம் போக வேண்டிய உறை

பழைய டூத் பிரஷ்ஷால் தொட்டதற்கே தோல் செங்கல் பொடியாக உதிர்ந்தது.

பங்காரம்மா சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். மூச்சைக்கூட அந்தப் பக்கம் விடவில்லை.

மூன்று நாளாக இதே வேலை. மாமனார் வெங்கடபதி மில்லில் மேஸ்திரியாக இருந்தபோது வாங்கிய கேமராவின் தோல் உறை. கேமரா எப்போதோ யார் கைக்கோ போய்விட்டது. உறை மட்டும் பரணில் கிடந்து ஈரம் குடித்து, பூஞ்சணம் பூத்திருந்தது.

முதல் நாள் அதை நிழலில் காற்றாட வைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். மறுநாள் தீக்குச்சி முனையில் புளியைத் தொட்டு, பித்தளைப் பொத்தானில் ஏறியிருந்த பச்சைக் களிம்பைச் சுரண்டினாள். உள்ளே இருந்த சிவப்பு வெல்வெட்டில் பூச்சி அரித்த இடங்களை ஊசியால் இழுத்துச் சேர்த்தாள்.

வார் அறுந்திருந்தது. மூடி ஒரு பக்கத் தையலில் தொங்கியது. ஆனால் உடம்பு இன்னும் விட்டுப்போகவில்லை.

அது போதும் என்று ரசாக் பாய் சொல்லியிருந்தார். உக்கடத்தில் பை தைப்பவர். கணவர் நரசிம்மலுவின் போனிலேயே அவரிடம் கேட்டாகிவிட்டது. எண்ணெயோ பாலீஷோ தொடவே கூடாது, இருக்கிறபடி கொண்டுவாருங்கள், கண் முன்னால் தைத்துத் தருகிறேன் என்றார்.

நரசிம்மலுவும் உறையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வியாழக்கிழமை போய் வரச் சொல்லித் தலையாட்டினார்.

அந்த வீட்டில் அது சின்ன விஷயம் இல்லை. மகள் மேக்னாவுக்குக் காரியம் செய்து முடித்து ஒரு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து பங்காரம்மாவை அவர் தனியாக எங்கும் அனுப்பியதில்லை. மனசு சரியில்லாதவளை எப்படி விடுவது என்பார்.

மேக்னாவின் துணி, புத்தகம், செருப்பு எல்லாவற்றையும் அவரே மூட்டையாகக் கட்டிப் பவானி ஆற்றில் விட்டார். படத்துக்கும் அவரே மாலை போட்டார். அதன்பிறகு அவள் பெயர் அந்த வீட்டில் யார் வாயிலும் வரவில்லை.

தன் அப்பாவின் பொருள் என்று இந்த உறையை மட்டும் மூட்டையில் போடவில்லை. அதில்தான் மேக்னா சிறு வயதில் கலர் பென்சில் போட்டுவைத்திருந்தாள் என்பது அவருக்குத் தெரியாது.

இன்று வியாழக்கிழமை. ஒன்பதரைக்குக் காரமடையில் பஸ்.

பங்காரம்மா குளித்துச் சீலை மாற்றினாள். மெத்தென்றிருந்த பழைய வேட்டியை நான்கு துண்டாகக் கிழித்துப் பையில் வைத்தாள். உறையை எடுக்க அறையை விட்டு வெளியே வந்தாள்.

சூடான விளக்கெண்ணெய் மணத்தது.

நரசிம்மலு தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் உறை. பக்கத்தில் கிண்ணம், பஞ்சு.

"ஏ பங்காரு, இதுக்குப் போயி ரெண்டு பஸ் மாறோணுமா? கெணத்துல தண்ணி எறைக்கற கவலைத் தோலுக்கே எங்க நாயனா இதத்தான் போடுவாரு. பத்து வருசம் தண்ணிக்குள்ள கெடந்தும் ஒண்ணும் ஆகல."

"அந்த பாய் எண்ணெய் ஆகாதுன்னு சொன்னாருங்க."

"பின்ன? அவருக்கு யாவாரம் ஆகோணுமில்ல."

சொல்லிக்கொண்டே பஞ்சை நனைத்துத் தடவினார். குழந்தையின் முதுகுக்குத் தடவுவதுபோல அவ்வளவு மெதுவாக.

தோல் எண்ணெயை மடமடவென்று குடித்தது. நிறம் ஏறிப் புதுசைப்போல மின்னியது. நரசிம்மலு நிமிர்ந்து மனைவியைப் பார்த்துச் சிரித்தார். இந்த ஒரு வருடத்தில் அவர் சிரித்து அவள் பார்க்கவில்லை.

பிறகு மூடி வழுக்கிக்கொண்டு அவர் கையோடு வந்தது.

திரும்ப வைத்து அழுத்தினார். நனைந்த அப்பளத்தில் இறங்குவதுபோலக் கட்டைவிரல் உள்ளே இறங்கியது. முன்பக்கம் பிளந்தது. தையல் தனியாக, வெல்வெட்டு தனியாக. அவர் உள்ளங்கையில் கறுப்புக் களிதான் மிச்சம்.

"கவலைத் தோலு தாங்குச்சே," என்றார்.

வெகு நேரம் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எழுந்து, சோப்புப் போட்டுக் கழுவினார்.

"போச்சாது, உடு. இனி உக்கடம் எதுக்கு? சீலையக் கசக்காத, மாத்திக்க. காப்பி வெய்யி."

குரலில் கோபம் இல்லை. அவளுக்காக வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

பங்காரம்மா அறைக்குள் போய் நின்றாள். வேறு என்ன சொல்லிக் கிளம்பலாம் என்று தேடிப் பார்த்தாள். கண் டாக்டர் என்றால் அவரும் வருவார். கோயில் என்றாலும் வருவார். இரண்டு பஸ் மாறி நெடுக நடக்க வேண்டிய தோல் கடைச் சந்துக்கு மட்டும்தான், முட்டி வலியோடு அவரால் வர முடியாது.

சேதி கொண்டுவந்த அடுத்த வீட்டு சைதன்யா காலேஜ் போய்விட்டாள். அவள் போன் எண்ணும் பங்காரம்மாவுக்குத் தெரியாது.

மெயின் ரோட்டில் ஒன்பதரை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

பதினோரு மணிக்கு உக்கடத்தில், பொள்ளாச்சி பஸ் நிற்கும் இடத்தில், மேக்னா வந்து நிற்பாள். தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டாள் என்று, உயிரோடிருக்கும்போதே அப்பா காரியம் செய்து முடித்த மேக்னா. நாற்பது நாள் குழந்தையை ஒரு தோளிலிருந்து மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு, வருகிற ஒவ்வொரு பஸ்ஸின் படியையும் பார்த்தபடி.