ஐம்பதாவது ஆள்

"பிள்ளை, நேராக் கேக்கிறன். உமக்குச் சிங்களப் பூசை விளங்குதோ?"

கேட்டைத் திறந்து உள்ளே வந்ததும் வராததுமாகச் சாள்ஸ் கேட்டார். சந்திரவதனா கழுவிய பிளாஸ்டிக் கதிரைகளை வெயிலில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். வேலியில் ஐந்தாறு பாய்கள் காய்ந்தன.

"அரைகுறைதான் அண்ணை. கடவுளுக்கு விளங்கும்தானே. இருங்கோ, தேத்தண்ணி போடுறன்."

"தேத்தண்ணி கிடக்கட்டும்." சாள்ஸ் கக்கத்தில் இருந்த கொப்பியை எடுத்து விரித்தார்.

ஊர்க் கத்தோலிக்கக் கோயிலில் ஞாயிறு காலை இரண்டு பூசை. ஆறு மணிக்குச் சிங்களம், எட்டரைக்குத் தமிழ். மூன்று கோயில்களை ஒருவராய்ப் பார்க்கும் பங்குச் சுவாமி சொல்லிவிட்டார்: இந்த மாதக் கடைசி ஞாயிறு எட்டரைக்கு ஐம்பது பேராவது வராவிட்டால், இனி ஆறு மணிப் பூசை மட்டும்தான். கோயில் சபைச் செயலாளரான சாள்ஸ் அன்று முதல் வந்தவர் ஒரு பக்கம், வராதவர் ஒரு பக்கம் என்று பெயர் எழுதி வருகிறார்.

"இடம்பெயர்ந்து வந்த காலத்தில கடிதம் மேல கடிதம் எழுதி வாங்கின தமிழ்ப் பூசை இது. ஆறு மாசத்துக்கு முந்தி முப்பது பேர்தான். அந்தோனியாருக்கு நவநாள் செபம் பிடிச்சன். இப்ப பாரும், நாப்பத்தொன்பது! மூண்டு வருசமாக் கோயில் பக்கம் தலை காட்டாத என்ர மனிசி ஜசிந்தாவே வாறா. அந்தோனியாருக்குக் கோடி நன்றி. இன்னும் ஒராள்தான் குறையுது. எங்கட ஆக்களில ஆறு மணிக்குப் போறது நீர் ஒராள்தான்."

"எட்டரைக்கு எனக்கு வேலை இருக்கண்ணை."

"ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை?" சாள்ஸ் குரலைத் தாழ்த்தினார். "உம்மட பக்கத்து வீட்டுத் தர்சன் சொன்னவன். அந்த நேரம் உம்மட வாசலில ஓட்டோ வந்து நிக்குதாம். உள்ள பாட்டும் கைதட்டலும் கேக்குதாம். ஒளிக்காமச் சொல்லும், வேற சபைக் கூட்டம் ஏதும் நடத்துறீரோ?"

சந்திரவதனாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அது ஜவ்பர் நானான்ர ஓட்டோ. முஸ்லிம் மனிசன், அவரும் அல்லேலூயாக் கூட்டத்துக்கோ வாறார்?"

"பகிடி விடாதேயும்."

"வீட்டில ஜசிந்தா அக்காட்டக் கேட்டுப் பாத்தனீங்களோ?"

"அவளுக்கு என்ன தெரியும்? ஏழு மணிக்குப் போய்க் கூட்டி, பாய் விரிச்சு, மணியடிச்சு, எல்லாத்தையும் பூட்டிக்கொண்டு வீட்டை வரப் பதினொண்டு ஆகும் எனக்கு. கோயில் விசயத்தை அவளிட்டயோ கேக்கிறது?"

சந்திரவதனா கடைசிக் கதிரையையும் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"சரியண்ணை. சுவாமி எண்ணுறது அடுத்த ஞாயிறுதானே? நாளைக்கு ஒருக்கா வாறன். நீங்கள் வடிவா எண்ணிப் பாருங்கோ."

"அதைச் சொல்லோணுமோ!" சாள்ஸ் பேனையைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு புறப்பட்டார்.

மறுநாள் ஞாயிறு, சொன்னபடியே எட்டரைக்குச் சந்திரவதனா வந்து முன்வரிசையில் அமர்ந்தாள். சாள்ஸுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. முதல் பாட்டுத் தொடங்கியபோதுதான் ஏதோ குறைவது தெரிந்தது. பாடகர் குழுவில் பிரியதர்சினியின் குரலைக் காணவில்லை. கீபோர்டுக்குப் பின்னால் தவச்செல்வனும் இல்லை. தூணோரம் நின்று எண்ணினார். முப்பத்தொன்று. கதவடிக்குப் போய்த் திரும்ப எண்ணினார். அதே முப்பத்தொன்று. சந்திரவதனாவைக் கழித்தால் பழைய முப்பது! பெண்கள் பக்கத்தில் ஜசிந்தாவின் இடமும் வெறுமையாய்க் கிடந்தது.

வெளியே மணிக் கூண்டடிக்கு ஓடி, போனை எடுத்து மனைவிக்கு அடித்தார்.

"ஏனப்பா வரேல்ல? உடம்பு ஏலாதோ? பிரியதர்சினியும் இல்லை, தவச்செல்வனும் இல்லை, பிள்ளைக்காரப் பெட்டையள் ஒண்டையும் காணேல்ல. ஊருக்கு என்ன நடந்தது?"

"ஏலாத அம்மாவைத் தனியப் போட்டிட்டு வரச் சொல்லுறீங்களோ?"

"அப்ப இவ்வளவு நாளும் எப்பிடி வந்தனீர்?"

"இதை ஆறு மாசத்துக்குப் பிறகு இண்டைக்கோ கேக்கிறீங்கள்? எட்டு மணிக்கு ஜவ்பர் நானா வந்து எங்கட அம்மா, தவச்செல்வன்ர தேப்பன், பிரியதர்சினியின்ர நடக்கேலாத பிள்ளை எல்லாரையும் ஏத்திக்கொண்டு போறவர். கைப்பிள்ளையள் வேற அஞ்சாறு. அவ்வளவு பேரையும் பாய் விரிச்சு வைச்சு, பாட்டுப் பாடிக் கஞ்சி பருக்கிறவ, இண்டைக்கு உங்கட பூசையில எல்லோ இருக்கிறா!"

சாள்ஸ் போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். பிறகு கொப்பியை விரித்து, வராதவர் பக்கத்தில் முதலாவதாய் இருந்த சந்திரவதனாவின் பெயரை வெட்டினார். அடுத்த ஞாயிறுக்கான பக்கத்தில், வந்தவர் வரிசையில், ஐம்பதாவதாக அதே பெயரை எழுதினார். சுவாமிக்கு விளக்கம் தானே சொல்லிக்கொள்ளலாம்.

உள்ளே போய், முழங்காலில் இருந்த சந்திரவதனாவின் பக்கத்தில் குனிந்தார்.

"கோடி நன்றி பிள்ளை," என்றார். "அடுத்த ஞாயிறு தயவுசெய்து பூசைக்கு வந்திடாதேயும்."