காலையில் பத்து, மாலையில் இரண்டு

அப்பா திருத்திய நோட்டில் பத்துக்குப் பத்து. அம்மா திருத்திய நோட்டில் பத்துக்கு இரண்டு. இரண்டிலும் அதே பின்னக் கணக்குகள், அதே மகளின் கையெழுத்து. அம்மாவுக்குத் தலை சுற்றியது.

மகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறார்கள். காலையில் அப்பா, மாலையில் அம்மா. நாளை கல்வி அதிகாரி வந்து சோதிப்பார். தேறாவிட்டால் பள்ளிக்கூடம்தான்.

"நீங்களே விடையச் சொல்லிட்டு டிக் போடுறீங்களா?"

இரவு வேலைக்குக் கிளம்ப ஷூ மாட்டிக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார். "எனக்கும் பின்னத்துக்கும் ஏழாம் பொருத்தம். விடைப் புத்தகத்தப் பாத்துதான் திருத்துறேன். நீ பிள்ளைய மிரட்டுறியோ என்னவோ."

"நானா? ஒவ்வொரு கணக்குக்கும் பக்கத்துல உக்காந்து தொண்டை வறளப் பேசுறேன். சாயந்திரத்துக்குள்ள எப்படி மறந்துபோகும்?"

மகளைக் கூப்பிட்டாள். "உண்மையச் சொல்லுடி. உனக்குப் பின்னம் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் என்கிட்ட மட்டும் தப்பாப் போடுற?"

மகள் பென்சிலைக் கடித்தாள். "அப்பா ராத்திரி பூரா தூங்காம வர்றாங்க. எல்லாம் சரியாப் போட்டா சீக்கிரம் போய்ப் படுத்துக்குவாங்க. உன்கிட்ட சரியாப் போட்டா, நீ உடனே ஆபீஸ் வேலைக்கு லேப்டாப்பத் திறந்துடுவ. தப்பாப் போட்டாதான் பக்கத்துல உக்காந்திருப்ப."

அப்பாவின் விரல் ஷூ கயிற்றிலேயே நின்றது. அம்மா நோட்டை மூடினாள்.

மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நாளைக்கு வர்ற அதிகாரி சீக்கிரம் போகணுமா, ரொம்ப நேரம் இருக்கணுமா?"