ஆளில்லாத நிழல்

"இங்க நின்ன ஆள இன்னா பண்ணீங்க மேடம்?"

கேன்டீன் சுவரில் மாட்டியிருந்த படத்தின் எதிரே தரை துடைக்கும் மாப்பைப் பிடித்தபடி நின்று, கிளியம்மாள் கேட்டாள். ஒரகடம் கார் தொழிற்சாலையில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குச் சேர்ந்து மூன்று நாள்தான் ஆகிறது. சாப்பிட்டுக்கொண்டிருந்த அமலாவின் கை தட்டிலேயே நின்றது.

போன வருட ஆயுத பூஜைக்கு நடந்த போட்டோ போட்டியில் முதல் பரிசு வாங்கிய படம் அது. கரும்புகை கக்கியபடி வளைவில் திரும்பும் பழைய நீராவி இன்ஜின். கீழே தேதி, 'சிங்கப்பெருமாள்கோயில் அருகே' என்ற வரி, அமலாவின் பெயர்.

"அங்க யாரும் இல்லக்கா. இன்ஜின் மட்டும்தான்."

"ஆள் இல்ல. நெழலு கீதே."

அமலா எழுந்து போய்ப் பார்த்தாள். ஜல்லியின் மேல் ஒரு நிழல், இடது தோள் சரிந்து, கையில் பையோடு. அந்த மனிதரைக் கம்ப்யூட்டரில் அழிக்க நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டவள், நிழலை விட்டிருந்தாள். கார் கதவில் மயிரிழைக் கீறலைக்கூடப் பிடித்துவிடும் குவாலிட்டிக்காரி, பரிசு வாங்கிய நாளிலிருந்து அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டியே சாப்பிட்டு வந்தாள்.

"எங்க வூட்டுக்காரரு நிக்கிற தினுசு இது" என்றாள் கிளியம்மாள். "தேதியும் அதேதான். அன்னிக்கு அந்த எடத்துலதான் எலக்ட்ரிக் ட்ரெய்ன் அடிச்சி செத்தாரு."

அடுத்த மேசையிலிருந்து, உடன் வேலை பார்க்கும் பாபு, "இன்னா அமலா, கரி இன்ஜின் ரசிகர் மன்றத்துல அக்காவையும் சேத்துட்டியா?" என்றான். இரண்டு பேரும் திரும்பாததால் தட்டோடு எழுந்து போனான்.

கிளியம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "மொகம் எப்டி இருந்துச்சு மேடம்? அன்னிக்குக் காலைல எங்களுக்குள்ள வாய்ச்சண்ட. சாப்டாம பூட்டாரு. அவங்க வூட்டாளுங்க இன்னி வரைக்கும் எங்கூட பேசறதில்ல."

'தெரியாது' என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். லைன் தொடங்க ஐந்து நிமிடம்தான் இருந்தது. ஆனால் ஒரு வருடமாக, ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவில் கண் வைத்தபோதெல்லாம், இன்ஜினுக்கு முன்னால் அவர்தான் வந்து நின்றார். ஒருமுறைகூட அவள் பட்டனை அமுக்கவில்லை.

"வாயெல்லாம் பல்லா இன்ஜினையே பாத்துக்கினு இருந்தாருக்கா."

கிளியம்மாள் ஓரடி நெருங்கி வந்தாள்.

"நாங்க படம் எடுக்கறப்ப யாராச்சும் குறுக்க நின்னா தள்ளிப் போகச் சொல்லிக் கத்துவோம். ஆள் நின்னா படம் போச்சு. அவர நான்தான் தள்ளிப் போகச் சொன்னேன். சரி பாப்பான்னு கைய ஆட்டிட்டு, இன்ஜின பாத்துக்கினே பின்னால நடந்தாரு. அடுத்த தண்டவாளத்துல கால் வெச்சிட்டாரு. இன்ஜின் சத்தத்துல அந்த ட்ரெய்ன் வந்தது யாருக்கும் கேக்கல."

அமலா படத்திலிருந்த நிழலைப் பார்த்தபடியே தொடர்ந்தாள்.

"எல்லாரும் ஓடினாங்க. நான் என் வண்டிய எடுத்துக்கினு வந்துட்டேன். யாருகிட்டயும் சொல்லல. நான் கத்தாம இருந்திருந்தா அவரு அங்கயே நின்னிருப்பாரு."

அமலா கண்களை மூடிக்கொண்டாள். இப்போது கன்னத்தில் அறை விழும். கேன்டீனே திரும்பிப் பார்க்கும். விழட்டும்.

மாப் தரையில் விழுந்த சத்தம் கேட்டது. காய்ப்பேறிய விரல்கள் அவள் மணிக்கட்டைப் பற்றின.

"அப்போ, அவரா போய் ரயில் முன்னால நிக்கலியாம்மா?"