வெர்ஜீனியாவுக்கு ஒரு படம்

புகைப்படக் கண்ணாடித் தகட்டில் மகளின் முகம் தலைகீழ் நிறத்தில் இருந்தது. கறுத்த கூந்தல் வெளுத்திருந்தது. வெள்ளைச் சேலை கரியாகியிருந்தது.

அமிர்தநாதன் தகட்டை ஜன்னலோரச் சாய்வு மேசையில் பொருத்தினார். பென்சில் முனையை உப்புத்தாளில் தேய்த்து ஊசியாக்கினார்.

தகட்டில் எவ்வளவு கரி ஏறுகிறதோ, காகிதத்தில் அவ்வளவுக்கு முகம் வெளுக்கும். முகல் தெரு ஸ்டூடியோவில் இருபத்திரண்டு வருடமாக தகட்டைப் பென்சிலால் திருத்தும் இந்த டச்சிங்தான் அவருக்கு வேலை. அங்கே எடுத்த வரன் படம் எதுவும் அவர் கைபடாமல் வெளியே போனதில்லை.

அவர் தொடாமல் விட்டது ஒரே ஒரு படம்.

அதுவும் இதே முகம்தான். எட்டு மாதத்துக்கு முன், அமெரிக்காவில் வெர்ஜீனியா மாகாணத்திலுள்ள ஒரு பெண்கள் கல்லூரிக்கு விண்ணப்பத்தோடு அனுப்ப எடுத்தது. மகள் ஜூடித் ரசாயனம் படித்துத் தேறியவள். மேலே படிக்க வேண்டும் என்பதைத் தவிர வீட்டில் அவள் எதையும் கேட்டதில்லை.

"உள்ளது உள்ளபடி இருக்கட்டும்பா, தொடாதீங்க" என்று அன்று சொன்னாள். அவர் தொடவில்லை.

போன வாரம் பதில் வந்தது. அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஜூடித் கடிதத்தை இரண்டு முறை படித்தாள். மடித்து உறைக்குள் வைத்தாள்.

"இன்னொரு படம் வேணும்பா" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

முதல் படம் அவர்களுக்குப் பிடிக்கவில்லை போலும் என்று அவருக்குப் பட்டது. ஊரிலுள்ள பெண்களையெல்லாம் வெளுக்க வைத்துவிட்டு, பெற்ற மகளை மட்டும் அப்படியே அனுப்பிவிட்டோமே. அந்த ஊர்க்காரர்கள் முகம் சுளித்திருப்பார்கள். இந்தத் தடவை விடக் கூடாது.

ஸ்டூடியோ முதலாளி அப்துல் சமது தேநீர்க் கோப்பையோடு எட்டிப் பார்த்தார்.

"ஓய் அமிர்தம், பார்த்துப் பூசும். ரொம்ப வெளுத்துட்டா கவர்னர் மாளிகையிலேருந்து வெள்ளைக்காரனே பொண்ணு கேட்டு வந்துடுவான்."

அமிர்தநாதன் வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்து முக்காலியில் உட்கார்ந்திருந்த ஜூடித்தும் சிரித்து வைத்தாள்.

அவர் நெற்றியில் தொடங்கினார். எறும்புக் கால் அளவில் கோடுகள். ஒன்றன்மேல் ஒன்று படாத கோடுகள்.

"சும்மா இருக்காதேம்மா. வெர்ஜீனியாவைச் சொல்லு."

"இப்ப எதுக்குப்பா அது?"

"கை நடுங்காம இருக்கும்."

மிஷன் பள்ளி அம்மா கொடுத்த பூகோளப் புத்தகத்தை அவள் மாதக்கணக்கில் மனப்பாடம் செய்திருந்தாள். அவள் ஒப்பிப்பதைச் சாப்பிட்டுக்கொண்டே கேட்டுக் கேட்டு, தான் குடியிருக்கும் பபேடான் சந்துகளைப் போல வெர்ஜீனியாவும் அவருக்குப் பழகியிருந்தது.

அவள் மெல்லிய குரலில் சொன்னாள். மேற்கே நீல மலைத்தொடர். கிழக்கே கடலைத் தேடிப் போகும் நான்கு ஆறுகள்: பொட்டோமாக், ராப்பஹானக், யார்க், ஜேம்ஸ். தலைநகர் ரிச்மண்ட். மாவட்டங்கள் நூறு. கவர்னருக்கு நான்கு வருடப் பதவி. முடிந்ததும் உடனே மறுபடி நிற்க முடியாது.

அவர் மூக்கின் இருபுறமும் நிழலை மூடினார்.

ஆயிரத்து அறுநூற்றுப் பத்தொன்பதில் முதல் சட்டசபை கூடியது. அதே வருடம் ஒரு கப்பல் ஆப்பிரிக்கர்களைக் கொண்டுவந்து இறக்கியது. பிறகு இருநூறு வருடத்துக்கு மேல் புகையிலையும் அடிமைகளும். பிறகு போர். ரிச்மண்ட் எரிந்தது. அடிமை முறை ஒழிந்தது. அந்த மண்ணில் பிறந்த ஜனாதிபதிகள் எட்டுப் பேர்.

வழக்கமாக அங்கேயே முடியும். இன்று அவள் நிறுத்தவில்லை.

"போன வருஷம், இருபத்து நாலுல, அங்கே ஒரு சட்டம். பிறக்கிற ஒவ்வொருத்தரும் என்ன இனம்னு பதிஞ்சு வைக்கணும். வேற ரத்தம் துளி இருந்தாலும் வெள்ளை கிடையாது. எந்தெந்த ரத்தம்னு வரிசையா எழுதியிருக்கு. ஆசிய இந்தியர்னு அதுல நாமளும் இருக்கோம்."

"இது புத்தகத்துல இல்லையே?"

"மிஷன் அம்மா சொன்னாங்க."

"அடடே, அவ்வளவு தூரத்துல இருக்கிறவங்களுக்கு நம்ம பேர் தெரிஞ்சிருக்கே!" என்றார் அமிர்தநாதன், தலை நிமிராமல்.

அவள் உப்புத்தாளிலிருந்த கரித்தூளை ஊதிவிட்டாள்.

கன்னங்கள் முடிந்தன. தாடையும் முடிந்தது. அவர் தகட்டை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். இவ்வளவு பொறுமையாக அவர் எந்த முகத்தையும் செய்ததில்லை. மேசைக்கு அடியிலிருந்து ஒரு தடித்த உறையை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார்.

"சாயங்காலம் அச்சுப் போட்டுடுவேன். நீ இப்பவே விலாசம் எழுதி வை. நாளைக்குக் கப்பல் தபால்."

ஜூடித் பேனாவைத் தொடவில்லை.

"தபால் வேண்டாம்பா. இங்கேயே ஊர்க்கோடியில தின்கன்ஜூன்தானே. மார்த்தா அத்தையே கொண்டுபோய்க் கொடுத்துடுவாங்க."

"தின்கன்ஜூன்ல யாரு?"

"அந்த ரயில்வே குமாஸ்தா வீடு. அத்தை ரெண்டு வருஷமா கேட்டுக்கிட்டிருந்தாங்களே. போன வாரம் கல்யாணத்துக்குச் சரின்னுட்டேன்."

"அப்ப காலேஜு? படம் கேட்டாங்களே?"

"அவங்க கேக்கலப்பா. நாம அனுப்பினதைத் திருப்பி அனுப்பிட்டாங்க."

தெருவில் டிராம் மணியடித்துப் போனது. ஜன்னல் அதிர்ந்து நின்றது.

அவர் தகட்டை மேசையில் படுக்க வைத்தார். பிறகு டர்பன்டைனில் ஒரு துணியை நனைத்தார். ஒரு தடவை துடைத்தால் போதும். இரண்டு மணி நேரக் கரியும் போய்விடும்.

"அழிச்சிடறேன்மா."

ஜூடித் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம்பா. குமாஸ்தா வீட்டுக்காரங்களுக்கும் சிவப்பான பொண்ணுதான் வேணுமாம்."

பிறகு துணியை அவர் விரல்களிலிருந்து எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு, தகட்டின் மேல் குனிந்து பார்த்தாள்.

"கழுத்து இன்னும் பாக்கி இருக்கு."